இளவேனிற் பனியும் மலைமுகட்டு வழியும்

புவியியல் வகுப்பொன்றில் அல்ப்ஸ் மலைத்தொடரைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, “சேர், வெயில் நன்றாக எறிக்கும் நாளாகப் பார்த்து ஏறினாற் பனிச்சரிவுக்குப் பயப்பட வேண்டியதில்லை அல்லவா?” என்று மாணவரொருவர் வினவினார். வினா இயல்பானதே. மழையும் புயலும் இல்லாத நாளே பயணத்துக்கு உகந்த நாள் என்பது நம் நாட்டவர் அனுபவம். ஆயின் இளவேனிற் காலத்து உயர்மலையில் இவ்வனுபவம் பாதியளவே பொருந்தும். அங்கே பகல் வெயிலை மட்டும் பார்த்துப் புறப்படுவோன் ஏமாறுவான். முந்திய இரவு எத்தகையதென ஆராய்ந்து புறப்படுவோனே கணக்கறிந்தவன். அவ்விரவுக்கும் பகலுக்குமுள்ள தொடர்பினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நம் மொழியிற் பனி என்னுஞ் சொல் பல பொருள் தரும். மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. வயல்வெளியை மூடும் புகாரும் பனி. குளிரால் உடல் நடுங்குதலும் பனித்தல். முகிலிலிருந்து பஞ்சுபோல் விழுந்து நிலத்திற் படிவதனை ஈண்டு வெண்பனி என்போம். அது மலைச்சாய்விலிருந்து திரளாகக் கழன்று வீழ்தலே பனிச்சரிவு. இவை நமக்கு ஏட்டுச் செய்திகள் மாத்திரமே என ஒதுக்குதற்குமில்லை. சுவிற்சர்லாந்திலே இன்று பல்லாயிரம் இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்கு அம்மலைகள் அயலூர்க் காட்சியல்ல, வீட்டு யன்னலிலே தெரிவன.

குளிர்காலம் முழுவதும் படியும் வெண்பனி ஒரே பொருளாய் இராது, படைபடையாய்க் கிடக்கும். காற்று அள்ளிவந்து இறுக்கிய படை ஒன்று, வெயிலில் உருகிப் பின் உறைந்த ஓடு ஒன்று, சீனிக் குருணை போலத் தம்முள் ஒட்டாத மணிகளாலான படை ஒன்று என இவை மாறி மாறி அமையும். ஒட்டாத குருணைக்கு மேல் இறுகிய படை கிடப்பின் அதுவே பெருந்தீங்குக்கு வித்து. மேலே நடப்பவன் பாரத்தாற் குருணைப்படை நொறுங்கும். அந்நொறுக்கம் கண்ணிமைப்பொழுதிற் பக்கமெங்கும் பரவும். மேற்படை பலகைபோல வெடித்துக் கழன்று வழுக்கும். ஏறத்தாழ 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளிலேயே இது பெரும்பாலும் தொடங்குகின்றது. இவ்வகைச் சரிவில் அகப்படுவோரிற் பெரும்பாலார் தாமோ தம்மோடு வந்தவரோ கிளப்பிய சரிவிலேயே அகப்படுகின்றனர். அஃதாவது, மனிதன் கால் வையாதிருந்தால் அச்சாய்வு அன்று அசையாதே கிடந்திருக்கும்.

இளவேனிலில் நிகழும் நனைபனிச் சரிவு இதனின் வேறானது. அது மனிதனை எதிர்பார்ப்பதில்லை. மேற்பரப்பில் உருகிய நீர் மணிகளுக்கிடையே கசிந்து இறங்கி, அவற்றைப் பிணைத்திருந்த மெல்லிய பனிக்கட்டிப் பாலங்களைக் கரைக்கும். கீழே ஓடொன்று நீரைத் தடுக்குமாயின் அவ்விடத்தே நீர் தேங்கி, மேற்படைக்கு வழுக்குத் தளமாகும். குளிர்காலம் முழுதும் உலர்ந்திருந்த பனிக்குள் முதன்முறை நீர் இறங்கும் நாள்களே மிகவும் கொடியவை. பின்னர் பலநாள் உருகியும் உறைந்தும் பழகிய பனி பெருமணிகளாகி, நீர் வடிந்தோட வழிவிட்டு, ஓரளவு உறுதிபெறும். புதிதாய் விழுந்த உலர்பனி ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராம் இருக்க, நனைபனி அதனினும் நான்கைந்து மடங்கு நிறையுடையது. மெதுவாகவே வரினும் அது ஓய்ந்தபின் சீமெந்துபோல் இறுகிவிடும்.

இனி இரவின் தொழிலைக் காண்போம். வெண்பனி கண்ணுக்கு வெண்மை, வெப்பத்துக்கோ கருமை. புதிய வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்குவரை திருப்பி அனுப்பிவிடும். ஆயின் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்களைப் பொறுத்தவரை, கரி பூசிய பொருள் எவ்வாறு வெப்பத்தை வெளிவிடுமோ அவ்வாறே வெண்பனியும் வெளிவிடும். முகிலற்ற இரவில் இவ்வெப்பம் விண்ணை நோக்கிச் சென்றொழிகின்றது. அதனால், காற்று 0 பாகைக்குச் சற்று மேலே இருப்பினும், பனியின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே சென்று இறுகும். முகில் மூடிய இரவிலோ அம்முகில் போர்வைபோல் நின்று வெப்பத்தைத் திருப்பித் தரும். ஈரக்காற்றும் ஓரளவு அவ்வாறே செய்யும். நம்மூரில் வானந் தெளிந்த மார்கழி இரவுகளிற் புல் மிக நனைந்திருப்பதும், முகில் மூடிய இரவுகளிற் குறைந்திருப்பதும் இதே நியதியாலாவன.

ஒரு கிராம் பனிக்கட்டி நீராவதற்கு 80 கலோரி வேண்டும். அந்நீர் மீண்டும் பனிக்கட்டியாவதற்கு அதே 80 கலோரி வெளியேற வேண்டும். எனவே முதல்நாள் எத்துணை நனைந்ததோ அத்துணைக்கு நெடிய, தெளிந்த இரவு தேவை. மாலையில் நன்றாய் நனைந்த பனிக்கு நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிநேரம் மாத்திரம் வானம் வெளுத்தாற் போதாது. மேலே மெல்லோடு தோன்றும், கீழே சேறு கிடக்கும். சகாராப் பாலைவனத்துப் புழுதி சில ஆண்டுகளில் அல்ப்ஸ்வரை பறந்து வந்து பனிமேற் படிவதுண்டு. 2021 பெப்ரவரியிலும் 2022 மார்ச்சிலும் வானமே மஞ்சளாகும்படி வந்தது. புழுதி படிந்த பனி ஒளியைத் திருப்பியனுப்பும் ஆற்றல் குறைந்து விரைவில் உருகுமாதலின், பகற்கணக்கும் மாறிவிடும்.

ஆகவே மலைக்குடிலிலிருந்து புறப்படுவோன் முதலிற் செய்யவேண்டியது, வெளியே வந்து அண்ணாந்து விண்மீன் தெரிகின்றதா எனப் பார்த்தல். அடுத்தது காலாற் சோதித்தல். ஓடு ஓராளின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றதா? தாங்கின், கோலாற் குத்தும்போது எவ்வளவு ஆழம்வரை உறுதி? விரலளவு தடித்த ஓடு சூரியன் எழுந்த சிறிது நேரத்திலேயே அழியும்; ஒரு சாணுக்கு உறைந்திருப்பின் பல மணிநேரம் நிற்கும். ஓடு உடைந்து கால் முழங்கால்வரை புதையுமாயின் அன்று விடியுமுன்னரே திரும்புதல் தகும். எனினும் நன்கு உறைந்த பனிக்கும் ஒரு குற்றமுண்டு. அது கண்ணாடிபோல் வழுக்கும். காலணியிற் பூட்டும் இரும்பு முட்களும் பனிக்கோடரியும் இல்லாமல் அதில் இடறினால் நிற்பதற்கு இடமில்லை.

இதுவரை கூறியன எல்லாச் சாய்வுக்கும் பொது. மலைமுகட்டின் வழியே நெடுந்தூரம் நடந்து கடத்தலோ தனித்த சிக்கலுடையது. முகட்டின்மேல் நிற்பவனுக்கு மேலே சாய்வில்லை. ஆதலால் மேலிருந்து சரிவு வாராது. இதனைக் கருதியே முகடு காப்பானது என்பர். இது மெய், ஆயின் முழு மெய்யன்று. சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாய் நிற்கும் லிஸ்காம் என்னும் மலையை எடுத்துக்கொள்வோம். 4527 மீற்றர் உயரமுடைய கீழைச் சிகரத்தையும் 4479 மீற்றர் உயரமுடைய மேலைச் சிகரத்தையும் கூரிய பனிமுகடொன்று இணைக்கின்றது. முகடு கிழக்கு மேற்காய் ஓடுவதால் ஒரு பக்கம் வடக்கையும் மறுபக்கம் தெற்கையும் நோக்கும். அதன்மேல் மே மாதத்தில் நடப்பவனது ஒரு கால் குளிர்காலத்திலும் மறு கால் வேனிலிலும் நிற்கின்றதென்றாற் பொருந்தும். வடபால் வெயில் பெறாமையால் உலர்ந்த பனியும் காற்று இறுக்கிய பலகைகளும் இன்னமும் கிடக்கலாம். தென்பால் நாள்தோறும் உருகி உறையும்.

இத்தகைய முகடுகளிலே இடையிடையே பாறைத் தூண்கள் வழிமறிப்பதுண்டு. அப்போது முகட்டை விட்டு ஒரு பக்கமாய் இறங்கிச் சுற்றியே செல்லவேண்டும். எப்பக்கம்? இவ்வினாவிலேதான் பயணம் முழுவதன் அறிவும் அடங்கியிருக்கின்றது என்பது என் கருத்து. விடியலில் தென்பக்கம் இறுகியிருக்கும், முட்கள் நன்கு பற்றும், அவ்வழியே செல்லலாம். அதே இடத்தை நண்பகலில் அடைந்தால் தென்பக்கம் இளகியிருக்கும், வடபக்கமோ பலகை கழலும் ஐயமுடையது, இரண்டும் தீதாகும். இடம் ஒன்றே, மூன்று மணிநேரத் தாமதம் அதனை வேறோர் இடமாக்கிவிடுகின்றது.

முகட்டிற்கே உரிய மற்றொரு கேடு விளிம்புப்பனி. காற்று ஒருபாலிருந்து பனியை அள்ளி மறுபால் வீசும்போது, முகட்டின் ஒதுக்குப்புறத்தே அப்பனி கூரைத் தாழ்வாரம்போல வெறுவெளியில் நீண்டு வளரும். மேலே நிற்பவனுக்கு அது திடநிலம்போலவே தோன்றும். அது முறியும்போது நுனியில் மாத்திரம் முறிவதில்லை. உள்ளே சில மீற்றர் தள்ளியும் முறிவுக்கோடு செல்லும். எனவே நுனியிலிருந்து நன்கு விலகி, காற்று வரும் பக்கத்தே சற்றுத் தாழ நடத்தல் மரபு. லிஸ்காமில் 1877 செப்ரெம்பரில் இவ்விளிம்பு முறிந்து, ஆங்கிலேயர் இருவரும் க்னூபெல் குடும்பத்து வழிகாட்டிகள் மூவரும் மாண்டனர். அம்மலைக்கு ‘ஆளுண்ணி’ என்னும் பொருள்பட ஜெர்மன் மொழியிற் பெயர் வழங்குதற்கு இத்தகைய விபத்துகளே காரணம்.

நங்க பர்வதத்தின் உச்சியை 1953 இல் தனியனாய் முதன்முதல் அடைந்த ஹேர்மன் பூல் என்பவரின் முடிவும் இத்தகையதே. 1957 ஜூன் 27 ஆம் நாள் காரகோரத்துச் சொகோலீசா மலையிலே, புயலும் மூட்டமும் சூழ, அவரும் குர்ட் டீம்பேர்கரும் கயிற்றாற் பிணையாது முகட்டின்வழி திரும்பிக்கொண்டிருந்தனர். முன்சென்றவரின் அடிச்சுவடு வளைந்த இடத்தில் பூலின் சுவடு வளையாது நேரே விளிம்புக்குச் சென்றது. விளிம்பு முறிந்தது. உலகின் தலைசிறந்த மலையேறிகளுள் ஒருவருக்கு ஒரு வளைவு தெரியாமற் போயிற்று. வானந் தெளிவாயிருத்தல் உறைபனிக்கு மட்டுமன்று, கண்ணுக்கும் வேண்டும்.

இனி நேரக்கணக்கு. இதனை முடிவிலிருந்து பின்னோக்கிப் போடல் வேண்டும். இறங்கும் சாய்வு தெற்கு நோக்கியது; முற்பகல் 11 மணிக்கு மேல் அது நம்பத்தகாதது எனக் கொள்வோம். இறங்க ஒரு மணிநேரம். ஆதலின் 10 மணிக்கு முகட்டின் முடிவில் நிற்கவேண்டும். முகட்டு வழி நான்கு மணிநேரம்; ஆகவே 6 மணிக்கு அதன் தொடக்கத்தில். குடிலிலிருந்து அங்கு ஏற மூன்று மணிநேரம். ஆகவே 3 மணிக்குப் புறப்பாடு. எதிர்பாராத் தாமதத்துக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கினால் 2 மணி. இறங்கும் சாய்வு கிழக்கு நோக்கின் இன்னும் முந்தவேண்டும், முதல்வெயில் அங்கேதான் படும். மேற்கு நோக்கின் சற்றுப் பிந்தலாம்.

சுவிற்சர்லாந்தின் தாவோசு நகரிலுள்ள பனியாராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு அறிக்கைகளை வெளியிட்டு வருகின்றது. 1993 முதல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து படிகளாலான பொது அளவையொன்றைக் கையாள்கின்றன. வேர்னர் முண்டர் என்னும் சுவிசு மலைவழிகாட்டி இதனைச் சாய்வின் பாகையோடு இணைத்து எளிய விதியொன்று வகுத்தார்: இரண்டாம் படியில் 40 பாகைக்குட்பட்ட சாய்வு, மூன்றாம் படியில் 35, நான்காம் படியில் 30. குழி தோண்டிப் படைகளை ஆராய்தல் அவ்விடத்துக்கே சான்றாகும். பத்து மீற்றர் அப்பால் வேறாயிருக்கலாம் என்பதனாலேயே அவர் இவ்வழியை நாடினார். மிகப் பயனுள்ள விதிதான். ஆயினும் அது குளிர்காலத்துப் பலகைச்சரிவை நோக்கி எழுந்தது. நனைபனிக்கு அதனைக் காவலாகக் கொள்ளலாகாது. அங்கே பாகைமானியைவிட மணிக்கூடே முதன்மையானது. இளவேனில் அறிக்கைகள் காலைக்கு ஒரு படியும் பிற்பகலுக்கு உயர்ந்த படியும் கூறுவதுண்டு. காலைப் படியை மட்டும் வாசித்துவிட்டுப் பிற்பகலில் இறங்குவோரும் உளர்.

வழியிலே காணக்கூடிய அறிகுறிகளும் உண்டு. சாய்விற் சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டு சுருளுதல், பாறையடியிற் புதுச்சரிவுகள் கிடத்தல், புல்மேற் கிடக்கும் பனியில் வாய்பிளந்த வெடிப்புகள், கால்வைக்கையில் பனி ‘வூம்’ என அமுங்கி ஒலித்தல் ஆகியன. பனி விழுந்தபின் வரும் முதல் வெயில்நாளும் ஐயத்துக்குரியதே. மாணவர் வினாவிய ‘நல்ல நாள்’ பெரும்பாலும் இந்நாளாகவே இருக்கும்.

முகட்டு வழியிற் பாதியைக் கடந்தபின் திரும்புதல் முன்னேறுதலினும் நெடிதாகும். ஆகவே தேர்ந்த வழிகாட்டிகள் முகடு தொடங்கும் இடத்திலேயே மணியைப் பார்ப்பர். மேலே கூறிய கணக்கின்படி, அங்கே 6 மணிக்குப் பதிலாக 7 ஆகி, இரவில் முகிலும் மூடியிருந்து, ஓடும் மெலிந்திருப்பின், வானம் எத்துணை நீலமாயினும் வந்த வழியே, இன்னும் இறுகியிருக்கும் சுவடுகளில் இறங்கிவிடுவர்.