நேபாளத்துக்கு அடியில் சேரும் அழுத்தம்: இமயமலையின் நகர்வை எப்படி அளக்கிறார்கள்?

சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்களும் இப்போது நகர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வருஷத்துக்கு சுமார் 5 செ.மீ., வடகிழக்கு திசையில். மதுரையும் பெங்களூருவும் கூடவே வருவதால் நமக்குத் தெரிவதில்லை. இந்திய நிலத்தட்டு மொத்தமாக நகர்கிறது. வடக்கே யூரேசியத் தட்டோடு அது முட்டும் இடம்தான் இமயமலை. அங்கே நேபாளத்தின் தெற்குச் சமவெளிக்கும் திபெத்துக்கும் இடையிலான தூரம் ஆண்டுக்கு சுமார் 2 செ.மீ. குறைகிறது.

இவ்வளவு சின்ன நகர்வை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

ஜிபிஎஸ் வைத்துத்தான். உங்க போனில் இருக்கும் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஆய்வாளர்கள் வைப்பது வேற ரகம். ஆன்டெனாவைப் பாறையில் அசையாமல் பொருத்தி, வருஷக்கணக்கில் 24 மணி நேரமும் பதிவு செய்கிறார்கள். செயற்கைக்கோள் சிக்னலின் அலையே இங்கே அளவுகோல். அதன் நீளம் சுமார் 19 செ.மீ. மட்டும்தான். அந்த அலையின் எந்தப் புள்ளி ஆன்டெனாவை எட்டுகிறது என்பதை வைத்து மில்லிமீட்டர் அளவு வரை கணக்கிட முடியும்.

இன்னொரு வழி, ரேடார் செயற்கைக்கோள். ஐரோப்பாவின் சென்டினல்-1 ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறது. இரண்டு படங்களை ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் நிலம் எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்று தெரிந்துவிடும்.

நகராத இடம்தான் ஆபத்து

இந்தியத் தட்டு இமயமலைக்கு அடியில் சரிந்து நுழைகிறது. ஆழத்தில் பாறை சூடாக இருப்பதால் மெதுவாக வழுக்கிப் போகிறது. அதற்குத் தெற்கே, சுமார் 100 கி.மீ. அகலத்துக்கு இரண்டு பாறைகளும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தள்ளுவது நிற்காததால், அங்கே நிலம் வளைத்த வில் போல அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது.

அந்தப் பிடி விட்டால் என்ன ஆகும் என்பதை 2015 ஏப்ரல் 25 காட்டியது. 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். காத்மாண்டு ஒரு நிமிடத்துக்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து, சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. ஆனால் வழுக்கல் தரைமட்டம் வரை வரவில்லை. தெற்கில் ஒரு பகுதி இன்னும் ஒட்டியே இருக்கிறது.

மேற்கு நேபாளம் ஏன் கவலை தருகிறது?

அங்கே கடைசியாக மிகப்பெரிய நிலநடுக்கம் வந்தது 1505-ல். ஆண்டுக்கு 2 செ.மீ. என்றால், 500 ஆண்டுகளுக்கு 10 மீட்டர். 2023 நவம்பரில் ஜாஜர்கோட்டில் 150-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கம் 5.7 அளவுள்ளதுதான். 8 அளவு என்றால் வெளிப்படும் ஆற்றல் அதைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். சின்னச் சின்ன நடுக்கங்களால் இந்தக் கடன் தீராது.

அப்போ தேதி சொல்ல முடியுமா?

முடியாது. எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் இந்த அளவீடு சொல்லும். ஆனால் எந்த ஊரில் கட்டடங்களை முதலில் பலப்படுத்தணும் என்று முடிவெடுக்க அது போதும். காத்மாண்டு பள்ளத்தாக்கில் முன்கூட்டியே பலப்படுத்தப்பட்ட பள்ளிக் கட்டடங்கள் 2015-ல் பெரிய சேதம் இல்லாமல் நின்றன. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் பள்ளி விடுமுறை. அடுத்த நிலநடுக்கம் விடுமுறை பார்த்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.