சுபேதார் அப்பாவின் 50 ரூபாய் பென்ஷன்

பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக கம்மலையும் மூக்குத்தியையும் அடகு வைப்பது ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை வட்டாரத்துக்குப் புதிதல்ல. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேலைக்குப் போகும் எத்தனையோ வீடுகளில் படிப்பு அப்படித்தான் நடக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, பம்பாயில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவரும் இதையேதான் செய்தார். மகன் புத்தகம் கேட்பான். கையில் காசு இருக்காது. கல்யாணமாகிப் போன மகளிடம் சென்று நகையை வாங்கி அடகு வைப்பார். புத்தகத்தை வாங்கிக் கொடுப்பார். மாதம் பிறந்து 50 ரூபாய் பென்ஷன் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார்.

அந்த வீரர் சுபேதார் மேஜர் ராம்ஜி மாலோஜி சக்பால். புத்தகம் கேட்ட மகன் அண்ணல் அம்பேத்கர்.

படிப்பு வந்த வழி

ராம்ஜியின் பூர்வீகம் மராட்டியத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள அம்பாவடே கிராமம். மகார் சாதியினருக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதவு திறக்காத காலம் அது. ஆனால் ராணுவத்தில் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் படிப்பு கட்டாயமாக இருந்தது. ராம்ஜியின் அப்பா மாலோஜியும் ராணுவத்தில் இருந்தவர். மனைவி பீமாபாய் ஒரு சுபேதாரின் மகள்.

அந்த வழியில் எழுத்தறிவு பெற்ற ராம்ஜி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, ராணுவப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தார். மாவ் என்ற ராணுவ முகாமில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருக்கு 14வது குழந்தை பிறந்தது. அதுதான் பீமராவ். 14 பேரில் பிழைத்து வளர்ந்தவர்கள் 5 பேர்தான்.

மூடிய கதவு

1818ல் பீமா கோரேகான் போரில் கம்பெனிப் படையில் நின்று உயிர்விட்ட மகார் வீரர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுத் தூணில் இருக்கின்றன. ஆனாலும் 1890களின் தொடக்கத்தில், மகார்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. சில சாதிகளுக்குத்தான் போர்க்குணம் உண்டு என்ற கொள்கையே காரணம். சென்னை மாகாணத்து வீரர்களின் சேர்க்கை குறைந்ததற்கும் அதே கொள்கைதான் காரணம்.

ராம்ஜிக்கு அப்போது தனிப்பட்ட நஷ்டம் எதுவும் இல்லை.  இருந்தும், அடுத்த தலைமுறைக்குச் சோறும் எழுத்தும் கொடுத்த கதவு மூடுகிறதே என்று அவர் சும்மா இருக்கவில்லை. நீதிபதி ரானடேயிடம் சென்று, அரசுக்கு மனு எழுத உதவி கேட்டார். அவர் காலத்தில் கதவு திறக்கவில்லை. முதல் உலகப் போரின்போது 1917ல் ஒரு மகார் படைப்பிரிவு உருவாகி, போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. 1941ல்தான் மகார் ரெஜிமென்ட் அமைந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர், ராம்ஜியின் மகன்.

சுபேதார் பிள்ளைகளுக்கும் தண்ணீர் இல்லை

ராணுவ முகாமுக்கு வெளியே சுபேதார் பட்டத்துக்கு மதிப்பு எவ்வளவு? ஓய்வுக்குப் பின் ராம்ஜி, சத்தாரா மாவட்டத்தில் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த குளம் வெட்டும் பணியில் காசாளராக இருந்தார். 1901 கோடை விடுமுறையில் அவரைப் பார்க்க பீமராவும் அண்ணனும் அக்கா பிள்ளைகளும் ரயிலேறினார்கள். வருவதாக எழுதிய கடிதம் அப்பா கைக்குப் போய்ச் சேரவில்லை. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகள் என்ன சாதி என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் வரவில்லை. இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்டினார்கள். வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். கட்டுச்சோறு கையில் இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரவு முழுக்கப் பட்டினி. அந்த 9 வயது அனுபவத்தை அம்பேத்கர் பின்னாளில் தம் கைப்பட எழுதி வைத்தார்.

இரவு 2 மணி

பம்பாய்க்குக் குடிவந்தபோது கிடைத்தது தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையல், விறகு, படுக்கை எல்லாம் அதற்குள்தான். மகனைச் சீக்கிரமே தூங்கச் சொல்லிவிட்டு, ராம்ஜி விழித்திருப்பார். வீடு அடங்கிய இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அதன் பிறகே அந்த இடத்தில் அவர் படுப்பார். மண்ணெண்ணெய் விளக்கில் பீமராவ் விடியும்வரை படிப்பார். 1907ல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

கண்டிப்பான அப்பா. ராமாயணமும் மகாபாரதமும் படிக்கச் சொல்வார். ஏன் என்று மகன் கேட்டதற்கு, தீண்டாதவர் என்ற தாழ்வு எண்ணம் உன் மனதில் புகுந்துவிடக் கூடாது, எளிய நிலையில் இருந்து கர்ணன் எவ்வளவு உயர்ந்தான் பார் என்றார். அந்தப் பதிலில் மகனுக்குத் திருப்தி இல்லை. அப்பா மறுமணம் செய்துகொண்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்கும் அறிவைக் கொடுத்ததும் அந்த அப்பாதான்.

1913ல் பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில், அப்பாவுக்கு உடல்நலம் மோசம் என்று தந்தி வந்தது. வழியில் சூரத்தில் அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்கிய பீமராவ், ரயிலைத் தவறவிட்டார். அடுத்த நாள்தான் வீடு வந்து சேர்ந்தார். மகனைப் பார்த்த பிறகே அந்த உயிர் பிரிந்தது. பிப்ரவரி 2. அதே ஆண்டு ஜூலையில் மகன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

இன்றைய கேள்வி

நம் பக்கத்திலும் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, மக்களுக்காக நின்றவர்கள் உண்டு. பரமக்குடியில் 1957ல் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரன் அப்படி வந்தவர்தான். நம் ஊர்களில் ராணுவ பென்ஷனில் படித்து ஆசிரியரானவர்களையும் நர்ஸ் ஆனவர்களையும் நமக்குத் தெரியும்.

2022ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்பவர்களுக்கு 4 ஆண்டுகள்தான் பணி. அதிகபட்சம் 25 சதவீதம் பேரே தொடர முடியும். மற்றவர்கள் ஒரு தொகையுடன் வீடு திரும்ப வேண்டும். மாத பென்ஷன் கிடையாது. பட்டாளத்துக்குப் போகத் தயாராகும் நம் இளைஞர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். முன்னாள் படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உள்ள கல்வி உதவிகளை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும்போது ராம்ஜியையும் ஒரு நிமிடம் நினைப்போம். அவர் மகனுக்குச் சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. மாதம் 50 ரூபாயை வைத்து அவனைப் படிக்க வைத்தார். மூடிய கதவைப் பார்த்து மனு எழுதினார். இரண்டுமே இன்றைக்கும் நம்மால் முடிகிற காரியங்கள்தான்.