நீதிமான் என்ற தீர்ப்பும் நீதிமானாகும் மாற்றமும்: கிறிஸ்தவத்தில் மீட்புக் கோட்பாடு

இயேசுவை நம்பிவிட்டால் போதும், பின்னர் எப்படி வாழ்ந்தாலும் சுவனம் உறுதி என்பதே கிறிஸ்தவர்களின் கொள்கை என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்போர் எளிதில் தலையசைக்கும் இவ்விளக்கத்தை எந்தப் பெரிய திருச்சபையும் தன் கோட்பாடாக ஏற்றதில்லை. ஒவ்வொரு பிரிவினரின் கொள்கையையும் அவர்களுடைய நூல்களில் உள்ளவாறே, சார்பும் வெறுப்புமின்றி எடுத்துரைப்பதைத் தமக்கு நிபந்தனையாக்கிக்கொண்டார் 'அல்மிலல் வந்நிஹல்' ஆசிரியர் ஷஹ்ரஸ்தானி (ரஹ்). மறுக்கப்புகுவோருக்கும் அந்நிபந்தனை பொருந்தும்.

மீட்பு என்றால் எதிலிருந்து மீட்பு? ஆதாமின் மீறலால் மனித இயல்பே சீர்குலைந்தது. அச்சீர்குலைவுடனேயே ஒவ்வொருவரும் பிறக்கின்றனர் என்பது மேற்கத்தியத் திருச்சபையின் கருத்து. இதனை வலுவாக வகுத்தவர் வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் (354–430). மனிதன் தன் விருப்பாற்றலைக் கொண்டே நன்மையைத் தேர்ந்து வாழ முடியும் என்ற பெலாஜியுஸின் போதனையை அவர் எதிர்த்தார். 418ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர் பேரவையும் அப்போதனையைத் தள்ளியது. அன்றிலிருந்து, மீட்பின் தொடக்கம் மனித முயற்சியன்று, இறையருளே என்பதில் மேற்குலகில் கத்தோலிக்கரும் பின்வந்த புரட்டஸ்டாண்டினரும் ஒன்றுபடுகின்றனர். கீழைத் திருச்சபைகளோ ஆதாமின் குற்றம் வழிவழி வருவதாகக் கருதுவதில்லை. மரணமும் பலவீனமுமே வருகின்றன என்பர்.

அருள் மனிதனுள் என்ன செய்கிறது என்பதில்தான் பிளவு. பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தில், சட்டத்தின் செயல்களாலன்றி விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்ற கருத்தை முன்வைக்கிறார். அங்கு அவர் ஆளும் கிரேக்க வினைச்சொல்லுக்கு, நீதிமன்றத்தில் ஒருவரை நேர்மையாளர் என்று தீர்ப்பளித்தல் என்ற பொருள் முதன்மையானது. இலத்தீன் மொழிபெயர்ப்பில் வந்த சொல்லின் உறுப்புகளோ 'நேர்மையாளர் ஆக்குதல்' என்று பொருள் தந்தன. அகுஸ்தீன் இலத்தீன் வழியே சிந்தித்தவர்.

அரபு இலக்கணம் பயின்றவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. 'தஃப்ஈல்' என்னும் ஒரே வாய்பாட்டில்தான் 'தஃலீம்', 'தக்ஃபீர்' இரண்டும் வருகின்றன. முன்னது ஒருவரை அறிந்தவராக்குதல். பின்னது ஒருவரைக் காஃபிர் எனத் தீர்ப்புரைத்தல். ஹதீஸ் கலையின் 'தஃதீல்' என்பதும் அறிவிப்பாளரை நேர்மையாளராக்குவதன்று, அவ்வாறு சான்றுரைப்பதே. அரபுக் கிறிஸ்தவர்கள் இக்கோட்பாட்டைக் குறிக்க வழங்கும் 'தப்ரீர்' என்ற சொல்லும் இதே வாய்பாட்டைச் சேர்ந்தது.

மார்ட்டின் லூதர் (1483–1546) முதற்பொருளைப் பற்றிக்கொண்டார். மனிதன் உள்ளுக்குள் இன்னும் பாவியாயிருக்கும்போதே, கிறிஸ்துவின் நேர்மை அவன் கணக்கில் வைக்கப்பட்டு, அவன் நீதிமான் எனத் தீர்ப்புப் பெறுகிறான். இதை அவன் பெற்றுக்கொள்ளும் கை விசுவாசம் மட்டுமே. 1522இல் வெளியான தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை அவர் சேர்த்தது இதனால்தான். செயலில்லாத விசுவாசத்தைச் சாடும் யாக்கோபின் நிருபத்தை அவர் தாழ்வாக மதிப்பிட்டதும் உண்மையே. ஆயினும் நற்செயல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நல்ல மரம் நல்ல கனி தரும். கனி மரத்தை நல்லதாக்குவதில்லை என்பதே அவர் வாதம். செயல் மீட்பின் காரணமன்று, விளைவு.

கத்தோலிக்கத் திருச்சபை ட்ரெண்ட் பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வில் (1547) விடையளித்தது. நீதிமானாதல் மன்னிப்பு மட்டுமன்று, உள்ளார்ந்த புதுப்பித்தலுமாகும். ஞானஸ்நானத்தில் அருள் பொழியப்பட்டு மனிதன் மெய்யாகவே நேர்மையாளனாகிறான். அருளோடு ஒத்துழைத்துச் செய்யும் செயல்களால் அந்நேர்மை வளரும், சாவான பாவத்தால் இழக்கப்படும், பாவசங்கீர்த்தனத்தால் மீளும்.

இருதரப்பும் ஒன்றையொன்று சபித்து நான்கரை நூற்றாண்டு கழிந்தபின், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது குறித்த கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. அடிப்படையில் உடன்பாடு, விளக்கங்களில் வேறுபாடு என்பது அதன் சாரம். தமிழில் அவ்வேறுபாடு சொற்களிலேயே தெரிகிறது. புரட்டஸ்டாண்டினர் 'இரட்சிப்பு', 'விசுவாசம்', 'கிருபை', 'நீதிமானாக்கப்படுதல்' என்பர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'மீட்பு', 'நம்பிக்கை', 'அருள்', 'ஏற்புடையவராதல்' என்கிறது. லூதரின் வழிவந்தோர் தமிழில் 'ஆக்குதல்' என்ற சொல்லையே வழங்குவது சற்று வியப்புக்குரியது.

ஈமானுக்கும் அமலுக்கும் உள்ள உறவு நம் கலாம் நூல்களிலும் பெரும் வழக்குத்தான். ஈமான் என்பது உள்ளத்தால் உண்மைப்படுத்தலும் நாவால் மொழிதலுமே. அமல் அதன் உறுப்பன்று என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அதற்காகவே முர்ஜியா என்ற பழிச்சொல்லையும் அவர் சுமந்தார். அமலையும் சேர்த்ததே ஈமான், அது கூடும் குறையும் என்றனர் ஹதீஸ்வாதிகள். எவரும் தம் அமலால் மட்டும் சுவனம் புகுவதில்லை, இறையருள் தழுவினாலன்றித் தாமும் புகமுடியாது என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அருளை வலியுறுத்துவதாலேயே ஒரு கொள்கை பிழையாகிவிடாது.

எனினும் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. லூதர் கூறும் விசுவாசம் 'தஸ்தீக்' அன்று. வாக்களித்தவனைச் சார்ந்து நிற்றல் என்ற வகையில் அது தவக்குலுக்கு அருகில் நிற்பது. அதனால்தான் தன் மீட்பைப் பற்றிய உறுதிப்பாடு அதில் அடங்கியது. தனக்கு அருள் கிட்டியதை எவரும் விசுவாசத்தின் உறுதியோடு அறியவியலாது என்றது ட்ரெண்ட். 'நான் முஃமின்' என்பதோடு 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்கலாமா என்று ஷாஃபிஈ அறிஞர்களும் ஹனஃபீ அறிஞர்களும் வாதிட்டது இங்கு நினைவுக்கு வரும்.

உண்மையான பிரிவு இதற்கும் முன்னரே தொடங்குகிறது. ஆதம் (அலை) அவர்களின் தவ்பா ஏற்கப்பட்டுவிட்டது (2:37). குழந்தை ஃபித்ராவில் பிறக்கிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை (6:164). ஆகவே அடைக்க வேண்டிய பரம்பரைக் கடனும் இல்லை, அதை அடைக்கும் சிலுவையும் இல்லை. பாவத்துக்கு ஈடு செலுத்தப்படாமல் மன்னிப்பது இறைநீதிக்குப் பொருந்தாது என்பது, பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் எழுதிய நூலின் வாதம். ஈடு பெறாமலே மன்னிக்க வல்லவன் என்பதே 'அல்கஃபூர்' என்ற திருநாமத்துக்கு நாம் கொள்ளும் பொருள்.