மலைப்பாதையில் ஹைபிரிட் கார்

சித்தூர் - திருப்பதி சாலையில் சீரான வேகமே எரிபொருளைச் சிக்கனப்படுத்தும். திருமலையில் நிலைமை வேறு. 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. 1,500 கிலோ எடையுள்ள கார் சுமார் 700 மீட்டர் இறங்குகையில், ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான ஆற்றல் வெளிப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்த ஹைபிரிட் காரில், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக இயங்கி, இதில் ஒரு பகுதியைப் பாட்டரியில் சேமிக்கிறது. ஆயினும் இக்கார்களின் பாட்டரி சிறியது; அடிவாரத்தை அடையுமுன்பே நிரம்பிவிடக்கூடும். அதன்பின் எஞ்சினின் தடையைக் கொண்டே வேகத்தை அடக்குதல் வேண்டும். இல்லையேல் பிரேக்குகள் சூடேறித் திறன் குன்றும். டயரில் அளவுக்கு மீறிக் காற்றடைத்தால் எரிபொருள் சிறிது மிச்சமாகும். சாலைப் பிடிப்பும் குறையும். சில துளி பெட்ரோலுக்காக வளைவில் பிடிப்பை இழப்பது சிக்கனமாகாது.