இடியப்பமா, எள்ளுருண்டையா?

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 அன்று கஞ்சா விற்பனை சட்டபூர்வமானது. பிள்ளைகள் திறக்க முடியாத டப்பாவில்தான் விற்கலாம் என்ற விதியும் கூடவே வந்தது. சில கிராம் சரக்குக்கு இத்தனை பிளாஸ்ரிக்கா என்ற கேள்வி எழுந்தது. அதே செடியின் தண்டில் டப்பா செய்யும் யோசனைக்கு அப்போது மவுசு வந்தது. அது எப்படி என்பதை விளக்க மட்டக்களப்பு அமிர்தகழிக் குசினி ஒன்று போதும்.

போதை பூவில்தான் அதிகம். தண்டின் பட்டையில் இருப்பது நீளமான, உறுதியான நார். (சாக்குப்பைச் சணல் வேறு செடி.) கிடுகுக்கு ஓலை ஊறப்போடுவதுபோலத் தண்டை ஊறப்போட்டால் பட்டை கழன்றுவரும். நாரைக் காரம் சேர்த்து அவிப்பார்கள். கடலை மென்மையாக வேக அப்பச்சோடா போடுகிறோமே, அந்த வேலைதான். நாரை விறைப்பாகப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்துபோகும். பிறகு அதைக் கூழாக்கி, கம்பிவலை அச்சில் உறிஞ்சிப் பிடிப்பார்கள். இடியப்பத் தட்டைப்போல, தண்ணீர் கண்களால் இறங்கும், நார் மேலே தங்கும். சூட்டில் அழுத்திக் காயவைத்தால், நாரும் நாரும் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பசையே தேவையில்லை. அவிந்த இடியப்பத்தின் இழைகளை யார் ஒட்டினார்கள்?

சொதி ஊற்றியதும் இடியப்பம் நெகிழ்கிறது. இந்தப் பெட்டியும் நனைந்தால் அப்படித்தான். விற்பவருக்கு அது குறை. மண்ணுக்கு அதுவே வசதி. காகிதம் செய்வதும் இதே வழியில்தான். சீனாவில் 105ஆம் ஆண்டு சாய் லுன் காகிதம் செய்த கதையில் இந்த நாரோடு பழைய மீன்வலையும் வருகிறது. வாவிக்கரைக்காரருக்குப் பிடித்த செய்தி அது.

ஆனால் பிள்ளைகளுக்குத் திறபடாத திருகுமூடியைக் கூழில் செய்வது கடினம். ஆகவே தண்டைப் பொடித்து, சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்ரிக்கில் கலந்து வார்க்கிறார்கள். இது எள்ளுருண்டை. பெயர் எள்ளுக்கு, பிடித்திருப்பது பாகு. அந்தப் பாகு மக்க 60 பாகை செல்சியஸ் அளவு சூடுள்ள கூட்டெரு ஆலை வேண்டும். வாவியில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இதைச் செடியின் பெயரால் விற்பது பெருந்தவறு என்பேன்.

நமக்கும் இது அந்நியக் கதையல்ல. இலங்கையில் 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் ஷீற்றுக்குத் தடை வந்தபின், 'மக்கும்' என்று அச்சிட்ட பொருட்கள் இங்கும் கடைக்கு வந்தன. மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அன்னதானம் கொடுப்பவர்களே, வாழையிலை வாங்குங்கள். அது கிடைக்காமல் கோப்பை வாங்கினால், எதைக்கொண்டு ஒட்டியது என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.