223 பற்கள்

1902 மே மாதம். கடலடியிலிருந்து மீட்டு ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த பொருட்களைத் தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்தாயிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் களிம்பேறிய ஒரு வெண்கலக் கட்டியில் அவர் கண் நின்றது. அதில் ஒட்டியிருந்தது ஒரு பற்சக்கரம். கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலில் பற்சக்கரம் எப்படி வந்தது? அந்தக் கேள்வியை முழுதாகப் பிரித்துப் பார்க்க ஒரு நூற்றாண்டு ஆனது.

கப்பலைக் கண்டவர்கள் அறிஞர்கள் அல்லர். சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுப்பவர்கள். 1900இல் புயலுக்கு ஒதுங்கி ஆண்டிகிதெரா என்ற சிறு தீவின் ஓரம் நின்றபோது, ஏறக்குறைய 45 மீட்டர் ஆழத்தில் சிலைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். அதன்பின் நடந்த மீட்புப் பணியில் ஒரு மூழ்காளர் இறந்தார், இருவர் முடங்கிப் போனார்கள். அருங்காட்சியகத்தில் அந்தச் சிலைகளை ரசிக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

ஸ்தாயிஸ் கண்ட அந்த வெண்கலக் கட்டி இன்று 82 துண்டுகளாக இருக்கிறது. அவற்றில் எஞ்சியிருப்பவை 30 பற்சக்கரங்கள். முழுக் கருவியும் காலணிப் பெட்டி அளவுதான். 1950களிலிருந்து அறிவியல் வரலாற்றாளர் டெரிக் டி சோலா பிரைஸ் அதை விடாமல் ஆராய்ந்து, அது வானத்தைக் கணக்கிடும் எந்திரம் என்று காட்டினார். 2005இல் ஏறக்குறைய 8 டன் எடையுள்ள ஊடுகதிர்க் கருவியை அருங்காட்சியகத்துக்கே கொண்டுவந்து படமெடுத்தார்கள். களிம்புக்குள் புதைந்திருந்த பற்களை எண்ண முடிந்தது. உள்ளே செதுக்கியிருந்த கிரேக்க எழுத்துகளையும் வாசிக்க முடிந்தது.

பற்களின் எண்ணிக்கையில்தான் விஷயமே இருக்கிறது. 19 ஆண்டுகளில் நிலா ராசி மண்டலத்தை 254 முறை சுற்றுகிறது. கைப்பிடியைச் சுழற்றிச் சூரிய முள்ளை 19 சுற்று விட்டால், நிலா முள் சரியாக 254 சுற்று வர வேண்டும். அதற்குக் கிரேக்கர் கோத்த வரிசை இது: 64 பல் 38ஐச் சுழற்றும், 48 பல் 24ஐ, 127 பல் 32ஐ. மூன்று விகிதங்களையும் பெருக்கிப் பாருங்கள், 254க்கு 19 என்று வரும். 127 ஒரு பகா எண். அதைச் சிறு எண்களாக உடைக்க வழியில்லை என்பதால் ஒரே சக்கரத்தில் அத்தனை பற்களையும் வெட்டியாக வேண்டும்.

223உம் பகா எண்தான். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பி வருகின்றன. அந்தச் சுழற்சியைத் தலைமுறை தலைமுறையாக வானத்தைக் குறித்துவைத்துக் கண்டறிந்தவர்கள் பாபிலோனியர்கள். அதை வாங்கி உலோகத்தில் இறக்கியது கிரேக்கர்களின் சாதனை. உள்ளங்கை அகலமுள்ள வெண்கலத் தகட்டின் விளிம்பை 223 பங்காகப் பிரித்து, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு பல் என்று கையால் வெட்டியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் வியக்கவைப்பது இன்னொரு இடம். நிலா ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமியை நெருங்கும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் வானத்தை ஆராய்ந்த ஹிப்பார்க்கஸ் இதற்கு வடிவியல் விளக்கம் தந்திருந்தார். கருவியில் தலா 50 பற்கள் கொண்ட இரு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, மையம் ஒரு மில்லிமீட்டர் அளவு விலகி அமர்ந்திருக்கின்றன. ஒன்றில் ஒரு முளை, மற்றதில் ஒரு காடி. முளை காடிக்குள் நழுவி நழுவி ஓட, மேல்சக்கரம் சற்று முந்தும், சற்றுப் பிந்தும். நிலாவின் ஓட்டம் அப்படியே வந்துவிடுகிறது. கிரேக்கர் என்றதும் சிந்தனையாளர்களை மட்டும் பேசுகிறோம். இந்தக் காடியை அறுத்த கைக்கும் அதே மரியாதை உண்டு. இவ்வளவு சிக்கலான பற்சக்கர அமைப்பு அதற்குப் பிறகு நமக்குக் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கடிகாரங்களில்தான்.

ஒலிம்பியா முதலிய விளையாட்டு விழாக்கள் எந்த ஆண்டு வரும் என்று காட்டும் சிறு வட்டமும் இதில் உண்டு. வானத்தைப் பார்த்தவர்கள் ஊர்த் திருவிழாவை மறக்கவில்லை.

கருவியில் கிரகணங்களைக் காட்டும் முகப்புக்கு அருகே மூன்றாகப் பிரித்த ஒரு குட்டி வட்டம் இருக்கிறது. ஒரு பங்கு வெறுமை, மற்றவற்றில் 8, 16 என்ற எண்கள். 223 மாதம் என்பது 18 ஆண்டு, 10 அல்லது 11 நாள், அதற்கு மேல் 8 மணி நேரம். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடுவதால், கிரகணம் வேறொரு நாட்டில் தெரியும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் நண்பகலுக்குப் பின் கங்கண சூரிய கிரகணம் பார்த்தவர்கள் இதைச் சரிபார்க்கலாம். அதன் அடுத்த சுற்று 2028 ஜனவரி 26. அப்போது நமக்கு இரவு, தென் அமெரிக்காவில் பகல். அதற்கடுத்தது 2046 பிப்ரவரி 5. மூன்று எட்டு சேர்ந்து ஒரு நாளாகும்போது, 2064 பிப்ரவரி 17 அன்று அது மறுபடியும் இந்தியாவின் பகலுக்குத் திரும்பி வருகிறது.