மலைப்பாதை வண்டியை உயர்த்துதல்

திருவண்ணாமலையிற் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாளன்று ஐந்து தேர்கள் மாடவீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கப்படுவதைக் கண்டோர் நம்முட் பலர். அவற்றுட் பெரிய தேரை அண்ணாந்து நோக்குவார்க்கு, இத்துணை உயரமுள்ள ஒரு பொருள் வீதி திரும்பும் மூலையிற் சாயாமல் நிற்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அதற்கு விடை தேரின் அமைப்பிலேயே உளது. மேலே நாம் காணும் உயரத்திற் பெரும்பகுதி மரச்சட்டமும் மூங்கிலும் துணியுமேயாம். கனமெல்லாம் அடியிலுள்ள சிற்பப் பீடத்திலும் இருசிலும் சக்கரத்திலும் தங்கியிருக்கின்றது. தேரை அமைத்த தச்சர் உருவத்தை உயர்த்தினாரேயன்றிப் பாரத்தை உயர்த்தினாரல்லர். இந்த வேறுபாடு நம் காலத்து மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்துவதாம். இதனை ஒரு நண்பரின் அநுபவத்தைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் திருவண்ணாமலையில் தானிய வியாபாரம் செய்து வருகின்றார். ஜவ்வாது மலையிலுள்ள ஊர்களிற் சாமையும் புளியும் கொள்முதல் செய்து, தமது பிக்கப் வண்டியில் ஏற்றிப் போளூர் வழியாகக் கீழே கொணர்வது அவர் தொழில். ஜமுனாமரத்தூர் வரையில் தார்ச்சாலை உண்டு. அதற்கப்பால் உள்ளூர்களுக்குச் செல்லும் வழிகள் சிலவற்றில் மழைக்காலத்து நீர் அறுத்த பள்ளங்களும், ஓடையிற் பெயர்ந்து கிடக்கும் கற்களும் மிகுதி. அவ்விடங்களில் வண்டியின் அடிப்பாகம் கல்லில் உராய்வது கண்டு மனம் நொந்த அவர், “வண்டியை நான்கு அங்குலம் உயர்த்த எண்ணியிருக்கிறேன். லிஃப்ட் கிட் என்று பலவகை விற்கின்றனர். அவற்றுள் எதனை வாங்கலாம்?” என்று எம்மை வினவினார். அவ்வினாவுக்கு யாம் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரையாம்.

முதற்கண் வண்டியைத் தாங்கும் உறுப்புக்களை அறிதல் வேண்டும். நம் கட்டைவண்டியில் இருசின்மேற் பாரம் நேரே அமர்ந்திருத்தலின், சக்கரம் ஏறும் கல் ஒவ்வொன்றும் வண்டியோட்டியின் முதுகெலும்பைச் சென்று தாக்கும். மோட்டார் வண்டியிலோ சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே வில் ஒன்று நின்று அத்தாக்குதலை ஏற்றுக்கொள்கின்றது. பட்டறைகளிற் கமான் என்று வழங்கும் பட்டைவில் ஒருவகை; சுருள்வில் மற்றொரு வகை. 1941-இல் யுத்தத்தின்பொருட்டு மிகுதியாகச் செய்யத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் கமானே இருந்தது. இந்தியாவில் 2016-இல் வெளிவந்த இஸுஸு டி-மாக்ஸ் வி-கிராஸ், 2022-இல் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகிய பிக்கப் வண்டிகளில் முன்சக்கரங்கள் தனித்தனியே அசையுமாறு சுருள்வில்லும், பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இருசின்மேற் கமானும் அமைந்துள்ளன. வில் அமுங்கி எழுந்தபின் ஓயாது துள்ளாவண்ணம் அடக்குவது ஷாக் அப்ஸார்பர் என்னும் கருவியாம்.

இனி, உயர்த்தும் முறைகளைக் காண்போம். அவை பலவாயினும், ஐந்தனுள் பெரும்பாலும் அடங்கும். முதலாவது, சட்டத்திற்கும் மேற்கூட்டிற்கும் இடையே கட்டைகளைச் செருகுதல். இதனாற் கூடு உயருமேயன்றிச் சட்டம் இருந்தவிடத்திலேயே இருக்கும். ஆகவே அடிப்பாகத்திற்குச் சிறிதும் பயனில்லை. இரண்டாவது, முன்புறச் சுருள்வில்லின் தலைப்பில் ஸ்பேஸர் என்னும் வளையத்தை வைத்தல். விலை குறைவு, ஆனால் சக்கரம் கீழே இறங்கி நிலத்தைத் தொடருதற்குரிய இடம் அவ்வளவுக்குச் சுருங்கிவிடும். மூன்றாவது, பின்னிருசுக்கும் கமானுக்கும் இடையே கட்டை வைத்து நீண்ட யூ போல்ட்டால் இறுக்குதல். வண்டி புறப்படும்போதும் தடைபோடும்போதும் இருசு முறுக்கிக்கொள்ள முயலும்; கட்டை உயர உயர அம்முறுக்கு கமானை அதிகமாக வருத்தும். நான்காவது, கமானின் ஒரு முனையைத் தொங்கவிடும் ஷாக்கிளை நீட்டுதல். ஒரு முனை மட்டுமே இறங்குவதால், இரண்டங்குலம் நீட்டினால் ஓரங்குலமே உயர்வு கிட்டும். ஐந்தாவது, வில்லையே மாற்றுதல். அதாவது புதிய சுருள்வில், புதிய கமான், அவற்றின் நீளத்திற்கு இயைந்த ஷாக் அப்ஸார்பர் ஆகியவற்றை ஒருங்கே பொருத்துதல். செலவு மிகுதியாயினும் இவ்வைந்தனுள் முறையானது இதுவே.

நிற்க. எம்முறையைக் கைக்கொள்ளினும் பலரும் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. பின்னிருசு சக்கரங்களோடு பிணைந்தது. அதன் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையே பின்புறத்தில் நிலத்திற்கு மிக அண்மையிலுள்ள உறுப்பு. வில்லை எத்துணை உயர்த்தினும் அவ்வுருண்டை ஓர் இம்மியும் உயராது. சட்டம் உயரும், எண்ணெய்த் தொட்டி உயரும், முன்புறத்து அடிப்பாகமும் உயரும்; உருண்டை மட்டும் பழைய கல்லிலேயே இடிக்கும். அதனை உயர்த்த வல்லது பெரிய டயர் ஒன்றேயாம். அதுவும், டயரின் குறுக்களவு இரண்டங்குலம் கூடினால் இருசு ஓரங்குலமே உயரும். பெரிய டயரோ சட்டத்தில் உராயக்கூடும். என்ஜினுக்கும் தடைக்கும் சுமையைக் கூட்டும். வேகமானியும் உண்மை வேகத்தினும் குறைத்தே காட்டும். ஆதலின் லிஃப்ட் கிட் வாங்குவோர், தம் வண்டியில் இடிபடுவது எவ்வுறுப்பு என்பதைக் குனிந்து பார்த்து அறிந்த பின்னரே கைப்பையைத் திறத்தல் வேண்டும்.

உயரத்திற்கு நாம் கொடுக்கும் விலையைக் கணக்கினாற் காட்டுவோம். ஒரு வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சக்கரம் வரை 78 செண்டிமீட்டர் என்றும், அதன் பாரமையம் நிலத்திலிருந்து 70 செண்டிமீட்டர் உயரத்தில் உளதென்றும் கொள்வோம். வில்லும் டயரும் அமுங்குவதை நீக்கிப் பார்த்தால், அவ்வண்டி ஏறத்தாழ 48 பாகைச் சாய்வில்தான் கவிழும். பாரமையத்தை 10 செண்டிமீட்டர் உயர்த்துங்கள், 44 பாகையாகும். உயர்த்தாமல், பின்தட்டிற் மூட்டைகளை அடுக்கிப் பாரமையத்தை 95 செண்டிமீட்டருக்குக் கொண்டுசென்றால் 39 பாகையாகும். உயர்த்தவும் செய்து மூட்டையும் அடுக்கினால் 37 பாகையே எஞ்சும். உண்மையில் வில் ஒருபுறம் அமுங்குதலால் இவ்வெண்கள் இன்னும் குறையும். சாய்வான பாதையில் நிற்பதும் வளைவில் விரைந்து திரும்புவதும் வண்டிக்கு ஏறக்குறைய ஒன்றே. மலைப்பாதையிலோ இரண்டும் ஒருங்கே நேர்கின்றன.

இது வெறுங்கணக்கன்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பகுதியிற் கோயிலுக்குச் சென்ற மலைவாழ் மக்களை ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று பள்ளத்தில் உருண்டு 11 பேர் மாண்டனர். அவ்விபத்தின் காரணங்களை ஆராய்வது எம் நோக்கமன்று. ஆயினும் பேருந்து செல்லாத மலையூர்களில் மூட்டை ஏற்றும் வண்டியிலேயே மாந்தரும் ஏறுவர் என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டுகின்றது. பின்தட்டில் நிற்கும் மனிதரின் பாரம் மூட்டையினும் உயரத்தில் இருப்பது. வளைவில் ஒருபுறமாகச் சரிவதும் அதுவே. சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்டத்திற்கும் விரோதம். மலையிற் பிக்கப் வண்டியை உயர்த்துவோர் தம் வண்டியின் அழகை மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அதில் ஏற நேரும் பிறர் உயிரையும் சேர்த்தே தீர்மானிக்கின்றனர்.

இன்னும் சில சிறு விலைகள் உள. முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுக்கள் மிகையாக வளைந்து, அவற்றை மூடிய ரப்பர் உறை கிழியும். மணலும் சேறும் உள்ளே புகுந்தால் மூட்டு நெடுநாள் உழைக்காது. பின்னிருசுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டின் கோணம் மாறி அதிர்ச்சி உண்டாகும். பிரேக் குழாய் இழுபட்டு நிற்கும். சக்கரங்களின் சாய்வளவு பிசகி டயர் ஒருபுறமே தேயும். முன்புறம் மட்டும் உயர்ந்தால் விளக்கொளி மேல்நோக்கிச் சென்று, கொண்டையூசி வளைவில் எதிர்வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். இவை யாவும் பொருத்திய அன்றே தெரிவனவல்ல. ஆறு மாதங் கழித்து, பட்டறை எட்டாத ஓரிடத்தில் தெரிய வருவன.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவர் முதலிற் குறித்த விவரங்களுக்கு மாறுபடுமாறு உடையவர் அதனை மாற்றலாகாது என விதிக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இவ்விதியை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றிப் பொருத்துவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுதலிலும் வழக்குண்டாகலாம். கடையில் விற்கப்படுவதெல்லாம் வீதியில் ஓட அனுமதிக்கப்பட்டதே என்று கருதுதல் தவறு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கேட்டுத் தெளிதலே முதற்படியாம்.

இவற்றையெல்லாம் நண்பர்க்கு எடுத்துரைத்தபோது அவர் முகம் வாடிற்று. “அப்படியானால் என் வண்டி கல்லில் இடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமா?” என்றார். அதற்கு யாம், உயர்த்துமுன் அளந்து பாருங்கள் என்றோம். சமதரையில், பாரமின்றி, டயர்களிற் குறித்த காற்றடைத்து வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் நாடாவால் அளந்தார். பின்னர் அதே வகையிற் புதிய வண்டி ஒன்றையும் அவ்வாறே அளந்தார். அவர் வண்டியின் பின்புறம் ஒருபக்கம் இரண்டங்குலமும் மறுபக்கம் இரண்டரை அங்குலமும் தாழ்ந்திருந்தது! பட்டறையிற் கமானைக் கழற்றியபோது ஒரு பட்டை கீறியிருந்ததும் புலனாயிற்று. வள்ளுவர் பீலி ஏற்றிய வண்டியைக் கூறியதை நம் மாணவர் அறிவர். நண்பர் ஏற்றியதோ பீலியன்று, புளி. ஆண்டுதோறும் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய அப்புளியே வில்லைத் தளர்த்தியிருந்தது. உயர்த்த வேண்டும் என்று அவர் எண்ணிய வண்டி, உண்மையில் தாழ்ந்துபோன வண்டியாம்.

பின்பு அவர் செய்தவை எளியன. வண்டி செய்தவர் குறித்த அளவிலேயே இருபுறமும் புதிய கமானும் புதிய ஷாக் அப்ஸார்பரும் பொருத்தினார். அதே அளவுள்ள, ஆனால் ஆழ்ந்த பள்ளங்களையுடைய டயர்களை வாங்கினார். அடிப்பாகத்திற் கல்லடி படுமிடத்திற் காப்புத் தகடு இட்டார். ஏற்றும் மூட்டைகளை அனுமதித்த எடைக்குக் குறைத்து, கனமானவற்றைத் தட்டின் அடியிலும் இருசுக்கு முன்புறமாகவும் அடுக்கக் கற்றார். ஓடையிற் கல்லைக் கண்டால் அதனை இரு சக்கரங்களுக்கு நடுவே விடாமல், ஒரு சக்கரத்தை அதன்மேல் மெல்ல ஏற்றிக் கடக்கவும் பழகினார். சக்கரம் ஏறினால் இருசும் உடன் ஏறும் அன்றோ? இவற்றின் செலவு, அவர் வாங்க எண்ணிய கிட்டின் விலையிற் பாதிகூட ஆகவில்லை.

இத்துணையும் செய்தபின்னரும் உயர்வு வேண்டுவோர் சிலர் இருக்கலாம். அன்னார் உரிய அனுமதி பெற்று, இரண்டங்குலத்திற்கு மேற்படாமல், முன்னும் பின்னும் இயைந்த ஒரே தொகுதியைத் தேர்க. கமானைத் தேரும்போது, எப்பொழுதோ ஏற்றும் பெரும்பாரத்தை எண்ணாமல், நாள்தோறும் ஏற்றும் பாரத்திற்குத் தக்க வலிமையுடையதைக் கொள்க. மிகையான வலிமையுள்ள கமான் வெறுவண்டியிற் குதித்துச் சக்கரத்தை நிலத்தினின்றும் எழுப்பும். பொருத்தியவுடன் சக்கரச் சாய்வு, பிரேக் குழாய், விளக்கு ஆகிய மூன்றனையும் சோதிப்பிக்க. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்குவிக்க.

மாணவ நண்பர்களே, உயர வேண்டும் என்னும் ஆசை எவரிடத்தும் உளது. அதனைக் குறைகூறுவார் யாருமிலர். ஆயினும் நாம் உயர்ந்திலேமோ, அன்றி இருந்த நிலையினின்றும் தாழ்ந்தேமோ என்பதை ஒரு நாடாவைக் கொண்டு அளந்தறிதல் அதனினும் முந்தியது. கடந்த ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் எம் நண்பருடன் அம்மலைவழியே சென்றோம். ஓடையில் அவர் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கற்களைப் பார்த்துவிட்டு வந்து, மெல்ல ஓட்டினார். கல் எதுவும் இடிக்கவில்லை. மலைமேலிருந்து இறங்கும்போது பின்தட்டில் ஏற வந்த இருவரை முன்னிருக்கையில் எம்முடன் நெருக்கி அமர்த்திக்கொண்டார்.